தம்போலா நடந்த சனிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம், துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்றில் கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். ஆலையை ஒட்டி அதிகாரிகளுக்குப் பதினாறு வீடுகள் கட்டியிருந்தார்கள். வீடுகளின் நடுவே ஒரு கிளப். அதில் ஒரு கேரம் போர்டும், வலை கிழிந்த டேபிள் டென்னிஸ் மேசையும், நான்கு நாள் பழைய பேப்பர்களும் இருந்தன. மாலையில் இரண்டு பேர் வந்தால் அதிகம். கோவை, நெல்லூர், பம்பாய் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நாங்கள். ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டியதில்லை. பக்கத்து வீட்டு அம்மாளின் பெயர்கூடத் தெரியாமல் என் மனைவி எட்டு மாதம் இருந்தாள்.

அந்த வருஷம் என்னைக் கிளப்புக்குச் செயலாளராக்கினார்கள். யாரும் விரும்பாத பதவி அது. குடும்பங்களை ஓர் இடத்தில் உட்கார வைத்தால் பேச்சுத் தானாக வரும் என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை மாலை, கூப்பிடும் எண்களைச் சீட்டில் அடிக்கும் தம்போலா ஆடலாம் என்றேன். எல்லோருக்கும் முந்திக்கொண்டு சரி என்றவர் தலைமைப் பொறியாளர். எண்களைத் தானே கூப்பிடுவதாகச் சொன்னார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. ஆலைக்குள் அந்தக் குரலுக்கு எல்லோரும் நடுங்குவார்கள். ஒரு மாதம் முன்பு யாரோ பாய்லரை நிறுத்திவிட, சூடு குறைந்து சாயத் தொட்டியிலிருந்த துணி அத்தனையும் திட்டுத்திட்டாகப் போயிற்று. அன்றிலிருந்து தன் வாய்வார்த்தை இல்லாமல் பாய்லரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கிளப் நிரம்பிவிட்டது. கேசரி, போண்டா, பரிசுக்கு எவர்சில்வர் டப்பாக்கள். ஷிப்டு முடிந்து போகிறவர்கள் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்ததால், திரையை இழுத்துவிட்டுக் கதவருகே நிற்கும்படி தலைமைப் பொறியாளர் என்னிடம் சொன்னார். நின்றேன். அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கேலி சொல்ல, மூன்றாவது சுற்றுக்குள் பெண்கள் ஒருவர் சீட்டை ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இத்தனை நாளாக இவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் வெளியே சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் ஓடி வந்தார். பாய்லர் பார்க்கிறவர், ஆரம்பாக்கத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பாய்லர் ரூம் டெலிபோன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. கூட இருந்தவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானே வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் தெரியல சார். பம்பும் எடுக்க மாட்டேங்குது. அடுப்பு நெருப்ப வெளிய இழுத்துடணும். ஐயா ஒரு வார்த்த சொல்லட்டும்."

நான் உள்ளே திரும்பி நாற்காலிகளுக்கிடையே பாதி தூரம் போனேன். சீட்டு முழுவதும் அடிபடும் ஃபுல் ஹவுசுக்கு ஒரே ஒரு எண் பாக்கி என்று நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு அப்பால் வாசலில் நின்றவரையும் பார்த்தார். உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினார். நான் திரும்பி வந்தேன்.

"கொஞ்சம் இருங்க. இந்த ரவுண்டு முடியட்டும்."

அவர் வாசலிலேயே நின்றார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் அது என்று ஒரு அம்மாள் கேட்டதுகூட நினைவிருக்கிறது. நான் மறுபடி வாசலைப் பார்த்தபோது செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே யாருக்கோ ஃபுல் ஹவுஸ் விழுந்து எல்லோரும் கை தட்டினோம். சற்று நேரத்தில் ஆலைச் சங்கு, ஷிப்டு மாறாத வேளையில், விடாமல் ஊதியது.

உத்தரவுக்குக் காத்திராமல் அவரே நெருப்பை இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார். பாய்லர் தப்பியது. ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய் வெடித்து, ஆவி அவர் முகத்தின் வலது பக்கத்தில் அடித்தது. ஒரு கண் போய்விட்டது. பாய்லர் வெடித்திருந்தால் கிளப் சுவரும் நின்றிருக்காது என்று சோதிக்க வந்தவர் சொன்னார்.

பாய்லரை விட்டுவிட்டு வெளியே போனதாக அவர் மேல்தான் குற்றம் வந்தது. அனுமதி கேட்டுக் கிளப்புக்கு வந்ததாக அவர் சொன்னதைத் தலைமைப் பொறியாளர் மறுத்தார். விசாரணைக்கு முந்தின நாள் மாலை, ஒரு நிகழ்ச்சியும் இல்லாமலே கிளப் நிறைந்திருந்தது. வீட்டுக்கு வீடு முறுக்கும் அதிரசமும் வந்தன. சனிக்கிழமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமைப் பொறியாளர் என் கையில் காப்பியைக் கொடுத்துத் தோளில் கை போட்டார்.

"நாம எல்லாம் ஒரே குடும்பம் ஆயிட்டோம் சார். எல்லாம் உங்களாலதான்."

கை வெகு நேரம் தோளிலேயே இருந்தது. அன்று என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் காப்பியைக் கேரம் போர்டின் மேல் வைத்தேன்.

விசாரணையில் ஒவ்வொருவராக யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். என்னைக் கடைசியாகக் கேட்டார்கள். எதிரே அவர் கட்டுப் போட்ட முகத்தோடு உட்கார்ந்து, மிச்சமிருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கதவருகே நின்றது நான்தான் என்று அவர் சொல்லவில்லை. அவர் வேலை போயிற்று.

கிளப் அதற்குப் பிறகு காலியாக இருந்ததே இல்லை. அடுத்த வருஷமும் என்னையே ஒருமனதாகச் செயலாளராக்கினார்கள். ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நெல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நின்றது. சரக்கு லாரிகளுக்குக் காவல் இருந்தவர் என்னை அடையாளம் கண்டு ஜன்னலருகே வந்தார். பாய்லர் பார்த்த அவரேதான். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். இருக்கிறார்கள் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு கதவாண்ட நின்னது யாருன்னு எங்கூட்டுக்காரி இன்னும் கேட்டுக்கினே கீறா சார். பெரிய பையனும் கேக்கறான், மொரட்டுப் பய. நான் சொல்லல."

பஸ் நகர்ந்தது. கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் லாரிகளுக்கு நடுவே அங்கேயே நின்று என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டேன். காரணம் கேட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு என்றேன்.