உப்பளத்தில் ஒரு முழுக்கு

மரக்காணத்தில் பாப்டிஸ்ட் சபை எப்படி வந்தது என்று கேட்டால், கொளஞ்சியைக் கேளுங்கள் என்றுதான் ஊரில் கைகாட்டுவார்கள். உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஒன்றை நினைத்துவிட்டால் அதை முடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

எழுபத்து மூன்றாம் வருடம், திண்டிவனத்திலிருந்து, சபையார் ‘ஐயர்’ என்று கூப்பிடும் போதகர் அப்பாதுரை ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து அவள் வீட்டு வாசலில் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். வெயிலானாலும் மழையானாலும் ஏழெட்டுக் குடும்பங்கள் நின்றபடியே பாடின. இவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதுதான் கொளஞ்சியின் தீராத ஆசை. பக்கத்து மனை அவள் புருஷன் சக்கரபாணி பெயரில் சும்மா கிடந்தது. அவனுக்கோ கோயிலும் வேண்டாம், சபையும் வேண்டாம். வேலை முடிந்தால் ஒரு பீடி போதும். அவள் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் சொல்லிவிட்டான்.

“ஊரறிய முழுக்கு எடு, மனைய எழுதித் தரேன். முடியலன்னு திரும்பி வந்தியானா, அதோட இந்தப் பேச்ச உட்டுடணும்.”

பாப்டிஸ்ட்காரர்களுக்குத் தலையில் நீர் தெளித்தால் போதாது. ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போய் எழுந்தால்தான் ஞானஸ்நானம். அதுவோ சித்திரை மாதம். ஏரி வெடித்துக் கிடந்தது. கடற்கரையில் மீனவர்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே போய் நிற்பது மரியாதையில்லை. மழைக்காலம் வரை பொறுக்கலாம் என்றார் போதகர். கொளஞ்சியா பொறுப்பாள்? பாத்திகளுக்கு விடுவதற்காக உவர்நீரை வெயிலில் முற்றவைக்கும் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. மேஸ்திரியிடம் அவளே போய்ப் பேசி அனுமதி வாங்கிவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஆயுசு முழுக்க அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவர்கள்தான் எல்லோரும். முற்றிய உவர்நீரில் மல்லாந்து படுத்துப் பார்த்தவர்கள் ஒருத்தரும் இல்லை.

வரப்பு முழுக்க வேடிக்கை பார்க்கக் கூட்டம். போதகர் ஜெபித்து, அவளைத் தாங்கிப் பின்னால் சாய்த்தார். தலை உள்ளே போனது. உப்பு முற்றிய தண்ணீர் தூக்கிவிட, கால் இரண்டும் ஜம்மென்று மேலே வந்து நின்றன. மறுபடி சாய்த்தார். காலை அவள் இழுத்துக்கொள்ள, இந்த முறை வயிறு மிதந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் போய் எரிந்தது. போதகருக்கு வியர்த்துக் கொட்டியது. வரப்பில் முதலில் சிரித்தவன் சக்கரபாணிதான். அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். கொளஞ்சியை அந்தத் தண்ணீரே வேண்டாம் என்கிறது என்று ஒருவன் உரக்கச் சொன்னான்.

சக்கரபாணியின் சிரிப்பு நின்றுபோனது. தன் பெண்டாட்டியைப் பார்த்து அவன் சிரிக்கலாம்; கண்டவனெல்லாம் சிரிப்பதா? அவளோ கண்ணைத் திறக்க முடியாமல், அவன் நிற்கும் பக்கம் தோராயமாக முகத்தைத் திருப்பினாள்.

“இந்தாய்யா, நின்னு பாத்துக்கினு இருக்கியே. வந்து காலப் புடி.”

அவள் முழுகாவிட்டால் மனை அவனுக்கே மிஞ்சும். அது அவனுக்கும் தெரியும். பீடியை எறிந்துவிட்டு, வேட்டியோடு பள்ளத்தில் இறங்கினான். அவள் இரண்டு காலையும் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தான். போதகர் தோளை அழுத்த, கொளஞ்சி ஒரு முடி கூட வெளியே தெரியாமல் முழுகி எழுந்தாள். சக்கரபாணி அவளைக் கரையேற்றி, ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்கி அவள் கண்ணைக் கழுவிவிட்டான். ஆடி பிறப்பதற்குள் அந்த மனையில் கீற்றுக் கொட்டகை எழும்பிவிட்டது.

எழுபத்தெட்டில், கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி, சிமெண்ட் தொட்டியும் கட்டிய பிறகு, சக்கரபாணி தானாகவே போதகரிடம் போய் நின்றான். தனக்கும் முழுக்குக் கொடுக்கச் சொன்னான். தொட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீர். போதகர் அவனைச் சாய்க்கப் போகும்போது, கொளஞ்சி புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள்.

“இது நல்ல தண்ணிம்மா, தானா முழுகிடுவாரு” என்றார் போதகர்.

“தெரியும் ஐயரே” என்று சொல்லிவிட்டு, அவள் அவன் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.