குருவி விழுந்த பக்கம்

மானம் கப்பலேறியது என்று பெரியவர்கள் சொல்வார்களே, என் மானம் உண்மையாகவே ஒருநாள் கப்பலேறியது. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் அண்ணன், அதாவது மன்னாரிலிருந்து வந்து மொன்றியலின் வில்லரே பகுதியில் எங்களோடு இருந்த என் மாமா, கையில் பாணும் கருவாட்டுச் சம்பலுமாக முதல் ஆளாக ஏறினார்.

மொன்றியலிலிருந்து ஆறு மணித்தியாலம் அப்பா கார் ஓட்டியிருந்தார். ஆறு கடலாக விரிகிற இடத்தில் கடற்பறவைகளும் திமிங்கிலமும் காட்டுகிற கப்பல் அது. ஊரில் இருபது வருடம் வலை போட்டும் மாமா திமிங்கிலத்தைக் கண்டதில்லை. கனடாவில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை இதுதான். குருவி பார்க்கவும் சனம் காசு கொடுக்குதே என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வைத்தியரிடமும் வங்கியிலும் எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

கப்பல் நடுவில் நின்றது. கடல்நாய் இரண்டு தலையை நீட்டிவிட்டுப் போயின. ஒரு மணித்தியாலமாகியும் திமிங்கிலத்தைக் காணோம். அம்மாவுக்குத் தலைசுற்ற, அப்பா அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டார். வழிகாட்டி இளைஞன் இடப்பக்கத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். மாமாவோ வலப்பக்கம் தொலைவில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் விழுவதைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, குருவி விழுது. அங்க மீன் கிடக்கு. மீன் கிடந்தா அதுவும் வரும். அந்தப் பெடியனிட்டச் சொல்லு, கப்பலை அங்கால திருப்பட்டாம்."

மாமாவின் குரலுக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதை மூடிய மங்கித் தொப்பியும் சம்பல் வாசமுமாக ஒரு மனிதர் கப்பல்காரருக்கே வழி சொல்வதா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமா பக்கத்தில் நிற்க, இவருக்குக் கழிப்பறை எங்கே என்று தெரியவேண்டுமாம் என்று வழிகாட்டியிடம் பிரெஞ்சில் சொன்னேன். துவாலெத். அவன் மாமாவைப் பார்த்துச் சிரித்து, இடப்பக்கம் பின்னால் கையைக் காட்டினான்.

"இல்லையாம் மாமா, அந்தப் பக்கம்தான் வருமாம்," என்றேன்.

மாமா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய், அந்தக் கழிப்பறைக் கதவடியில் நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி விழுந்த பக்கத்தில்தான் அது எழும்பியது. கறுத்த முதுகு, ஒரு பெரிய மூச்சு. சனமெல்லாம் வலப்பக்கம் பாய்ந்தது. மாமா ஓடிவந்து சேர்ந்தபோது நுரை மட்டும்தான் மிச்சம். அன்று அது திரும்ப வரவில்லை.

நான் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவிடம் அடி வாங்கப்போகிற பயம்தான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் அம்மா கேட்டேவிட்டார். குருவியைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியுமே அண்ணை, அவர்களிடம் சொல்லவில்லையா என்று. 

"சொன்னனான். பிள்ளை வடிவாத்தான் எடுத்துச் சொன்னவள். அவங்கள் கேக்கேல்லை," என்றார் மாமா.

அப்பாடா என்று இருந்தது. மாமாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தபடியே, அவர் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன்.

மாமாவுக்கு ஒஃபிசில் வேலை என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒஃபிசின் பதினொரு மாடியிலும் கழிப்பறை கழுவுவதுதான் அந்த வேலை என்பதும், இந்த நாட்டில் அவர் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த பிரெஞ்சுச் சொல் அந்தக் கதவுகளில் இருந்த துவாலெத் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.