லேப்டாப் மேல் போட்ட பழி

வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், புது லேப்டாப் வாங்கலாமா வேண்டாமா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இரண்டு ஆன்லைன் நேர்காணல்களில் தோற்றபோதும், "லேப்டாப் பழசு, நடுவுல திணறுது" என்றுதான் வீட்டில் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மூன்றாவது நேர்காணலன்று மயிலாப்பூரில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அடையாறில் ஒரு காபி கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நேர்காணல் தொடங்கும் நேரத்தில் திரை அணைந்தது. சார்ஜரைச் செருகியும் உயிர் வரவில்லை.

பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த பெண் என் பதற்றத்தைப் பார்த்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், தன் வேலையை நிறுத்திவிட்டு, பளபளப்பான தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இதுல பேசுங்க. நான் வெளியில நிக்கிறேன்."

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. இந்த வாரமே புதுசு வாங்கிடுவேன்."

படம் தெளிவாக இருந்தது. கேள்விகளும் தெளிவாகக் கேட்டன. பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் திரும்பி வந்து, "எப்படிப் போச்சு?" என்றார். வழக்கமான பதில் வாய்வரை வந்தது. ஆனால் அவருடைய லேப்டாப்பை எப்படிக் குறை சொல்வது?

"லேப்டாப் நல்லா இருந்துச்சுங்க. எனக்குத்தான் பதில் தெரியல."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ புது லேப்டாப் செலவு மிச்சம்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பழையதற்குப் பேட்டரி மட்டும் மாற்றினேன். அது இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. நான் படிக்கும் வேகத்துக்கு அது போதும்.