எட்டரைப் பவுன் கிளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். மாமா இல்லை. அக்காவைக் கட்டிய ஏழாவது மாதம் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவர் அவர். இரண்டு வருடம் முடியாமல் திரும்ப முடியாது. அப்பாவும் இல்லை. பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் அங்கேயே தங்கிவிடுவார். லீவு கிடைத்தால் ஞாயிறு வருவார், அன்றைக்குக் கிடைக்கவில்லை. கிளி இருந்தது. ஆனால் கம்பியில் இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில், உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அக்கா கையை விட்டு அதை வெளியே எடுத்தாள். கடிக்கவில்லை. நெஞ்சில் விரலை வைத்தவள் சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"டேய், இங்க தொட்டுப் பாரு. கத்தி மாதிரி இருக்கு."

தொட்டேன். இறகுக்குள் எலும்பு நட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் சதை என்று ஒன்று இருக்க வேண்டும், இல்லை.

இது இரண்டாயிரத்து ஒன்பதில், சிதம்பரத்தில். நான் அப்போது விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அம்மா சத்துணவுக் கூடத்தில் ஆயா, கையெழுத்து மட்டும் போடுவாள். அக்கா எட்டோடு நின்று தையல் கற்றுக்கொண்டாள். மாமா டூவீலர் மெக்கானிக். சிங்கப்பூர் கிளம்பும்போது அவர் கூண்டைத் தூக்கி என் கையில் கொடுத்துச் சொன்னது இது: "மச்சான், நீ படிக்கிறதே இதுங்களப் பத்தித்தானாமே. உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன். நான் வரச்சொல்ல உசுரோட இருக்கணும்."

பச்சைக்கிளி இல்லை அது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. கடைக்காரர் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்லி விற்றாராம்; எங்கள் தெருவில் கொண்டைக்கிளி என்றுதான் சொன்னார்கள். பேசாது. ஆனால் விசில் அடிக்கும். மாமா வேலை முடிந்து சந்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அடிக்கிற விசில் - இரண்டு சின்னது, ஒன்று நீளம் - அதை அப்படியே அடிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது அடிக்கும்போதெல்லாம் அக்கா வாசலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "சனியன், ஏமாத்துது பாரு" என்று திட்டிவிட்டு மறுபடி மெஷினை மிதிப்பாள். ஒரு நாள்கூட அவள் பார்க்காமல் இருந்ததில்லை.

அது சாப்பிட்டது என்ன? சூரியகாந்தி விதை. அதோடு மாமா பழக்கிய மிக்சர், டீயில் நனைத்த ரொட்டி. கல்லூரி நூலகத்தில் வளர்ப்புப் பறவைகள் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். விதையில் கொழுப்பு ஜாஸ்தி, ஈரல் கெட்டுப்போகும். உப்பு ஆகாது. டீ ஆகவே ஆகாது. கீரை, காய், முளைகட்டிய பயறு, வேகவைத்த முட்டை, சிறுதானியம் எல்லாம் அளவோடு வேண்டும். என்னால் உட்கார முடியவில்லை. மாமாவின் கிளிக்கு மாமாவே விஷம் வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே விதை டப்பாவைக் காலி செய்து பக்கத்து வீட்டுப் புறாவுக்குக் கொட்டினேன்.

ஒரு சார்ட் அட்டை வாங்கிக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலை: முளைப்பயறு, சோளம். மதியம்: முருங்கைக்கீரை, கேரட். மாலை: தினை, கொய்யா. ஞாயிறு முட்டை. ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத ஒரு கட்டம்.

அம்மா அதன் முன்னால் நின்று பார்த்தாள். "முன்னூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன். எங்களுக்குக்கூட இவ்ளோ பெரிய அட்டை குடுக்கல."

"கிண்டல் பண்ணாதம்மா."

"கிண்டல் இல்லடா. எழுதி வச்சிட்ட இல்ல, அப்ப சரியாத்தான் இருக்கும்."

எட்டு நாள் எழுதினேன். கல்லூரிக்குப் போகுமுன் கிண்ணத்தை நிரப்பிக் கூண்டைப் பின்பக்கம் கொய்யா மர நிழலில் மாட்டிவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் காலியாக இருக்கும். 'நன்றாகச் சாப்பிட்டது' என்று எழுதுவேன். ஐந்தாம் நாள் விசில் சத்தம் இல்லை. அதையும் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்: 'அமைதியாக உள்ளது. நல்ல மாற்றம்.'

அந்த ஞாயிறு நான் சார்ட்டைக் காட்டி அக்காவிடம் வாதாடினேன். "பாருக்கா, ஒரு வேளைகூட மிச்சம் வச்சதில்ல. எப்படி இளைக்கும்?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அது எங்கடா தின்னுச்சி? அணிலு இல்ல தின்னுச்சி. தெனமும் கம்பிக்குள்ள கையை வுட்டு எடுத்துக்கினு ஓடுது."

"நீ பாத்தியா?"

"தெனமும் பாக்கறேன்."

"ஏம்மா சொல்லல?"

அம்மாவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "நீதான் வேளைக்கு வேளை எழுதிக்கினு இருந்தியே. அணிலும் அந்தக் கணக்குல இருக்கும்னு நெனச்சேன்."

அக்கா கிளியைத் தாவணித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் விதை வாங்கிவந்தேன். இரண்டு மூன்று உடைத்துத் தின்றது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. சாயங்காலம் வழக்கம்போல மாமாவின் போன் வந்தது.

"கிளி விசில் அடிக்குதா? போனைக் கிட்ட கொண்டுபோயேன்."

"தூங்குது" என்றாள் அக்கா.

"இந்நேரத்துலயா?"

"ஆமா, இந்நேரத்துலதான்."

போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "அவுருகிட்ட சொல்லக் கூடாது. பொழைக்கட்டும் மொதல்ல."

மறுநாள் எனக்கு பிராக்டிகல் தேர்வு. போகவில்லை. சிதம்பரம் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவர் நல்ல மனுஷர், ஒளிக்காமல் சொன்னார்: "கோழின்னா பாத்துடுவேன். இதுக்கு கடலூர் போங்க. மஞ்சக்குப்பத்துல ஒரு டாக்டரம்மா பறவை பாப்பாங்க." அக்கா ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"என்னாம்மா உள்ள?"

"கிளி."

"உயிருள்ளதுன்னா லக்கேஜ் போடணும்."

"போடு. உசுரோட இருக்குன்னு சீட்டுலயே எழுதிக் குடு" என்றாள் அக்கா. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் நிமிஷத்துக்கு ஒருதரம் "மூச்சு இருக்கா?" என்று கேட்டேன். கடைசியில், "நீ கேட்டா நின்னுடும்போல, சும்மா வாயேன்" என்றாள்.

மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்னால் அந்த டாக்டரம்மாவின் வீடு. கிளியை ஒரு சின்னத் தராசில் வைத்தார். அறுபத்தெட்டு கிராம். "தொண்ணூறு இருக்கணும்" என்றார். நான் மடித்துக் கொண்டுபோயிருந்த சார்ட்டை விரித்தேன். முழுவதும் படித்தார்.

"எல்லாமே சரியான சாப்பாடுதாம்பா. ஆனா பொறந்ததுலேர்ந்து விதையைத்தான் சாப்பாடுன்னு அதுக்குத் தெரியும். நீ வச்ச சோளத்தை அது சாப்பாடுன்னே நெனைக்கல. பொம்மைன்னு நெனச்சிருக்கும். பட்டினி கெடக்கும், தெரியாததத் தொடாது. தினைய மட்டும் கொஞ்சம் கொறிச்சிருக்கும், அதுலதான் இவ்ளோ நாள் தாங்கியிருக்கு."

"அப்ப விதையே போடணுமா மேடம்?"

"மூணு பங்கு விதை, ஒரு பங்கு புதுசு. வாரா வாரம் கொஞ்சம் மாத்து. அதுவரைக்கும் கஞ்சி மூணு மணிக்கு ஒருதரம், சிரிஞ்சுல. தெனமும் காலையில ஒரே நேரத்துல எடை போடு. அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா உடனே வந்துடு. அதுக்குக் கீழ என் கையில இல்ல."

கிராம் சரியாகக் காட்டும் தராசுக்கு எங்கே போவது? மளிகைக்கடை மிஷினில் கிளியை வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. தெருக்கோடியில் நகை செய்யும் பத்தரிடம் போனேன். அவர் கிளியைக் காகிதக் கூம்பில் தலை மட்டும் தெரியும்படி சொருகித் தட்டில் வைத்தார்.

"அறுவத்தெட்டு. எட்டரைப் பவுன். யாருக்குத் தம்பி போடப் போற?"

மறுநாள் அறுபத்தாறு. "எட்டேகால். சேதாரம் ஜாஸ்தியா இருக்கே" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் தம்பி, உக்காரு" என்றார். உட்காரவில்லை. இன்னும் ஒரு கிராம்தான் இடம் இருந்தது. வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் அந்த வாரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கரும்பலகையைப் பார்த்தால் அறுபத்தாறு என்றுதான் தெரிந்தது. இடைவேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அக்கா கஞ்சி கொடுத்து முடித்து, புடவையெல்லாம் மாவாக உட்கார்ந்திருப்பாள். தைக்க வந்த ஜாக்கெட்டுகள் அப்படியே கிடக்கும்.

நான்கு நாள் அறுபத்தாறு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கஞ்சியில் நின்ற உயிர் அது. விதை கொஞ்சம் கொறித்தது. நான் கலந்த சோளத்தைக் கிண்ணத்திலிருந்து பொறுக்கி வெளியே எறிந்தது. இன்னொரு முறை கடலூர் போனபோது கணவாய் மீன் ஓடு வைக்கச் சொன்னார் டாக்டரம்மா, சுண்ணாம்புச் சத்துக்கு. திரும்பும்போது கடலூர் பழைய டவுனில், ஓ.டி.யில் இறங்கி மீன் இறங்குகிற இடத்தில் கேட்டேன். கூடை கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "குப்பையில கெடக்குது, எத்தினி மூட்ட வேணும்?" என்றார். அதையும் கிளி தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து, பசியோடு வந்தவர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளிக்காக நான் அவித்து ஆறவைத்திருந்த சோளக்கதிர் தட்டில் இருந்தது. எடுத்துக் கடித்தார்.

"இந்தா, இதுக்கு உப்பு போடலியா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயய்யோ, அது கிளியிது!" அம்மா ஓடிவந்தாள்.

"கிளியிதா? கிளிக்கு ஒரு கதுரா?" என்றவர் நிறுத்தவில்லை. வரிசை வரிசையாகக் கடித்துச் சத்தம்போட்டு மென்றார். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கிளி கம்பியில் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கம் வந்துகொண்டிருந்தது. கொண்டை நிமிர்ந்திருந்தது. அவருடைய வாயையும் கதிரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்பா, அத நீட்டுங்க. மென்னுக்கினே நீட்டுங்க."

"எச்சலாச்சேடா, நல்லதாவே குடேன்..."

"பரவால்ல, நீட்டுங்க."

நீட்டினார். கம்பிக்குள்ளிருந்து மூக்கு வந்தது. ஒரு மணியைப் பிடுங்கியது. எறியவில்லை. நாக்கால் உருட்டி, உடைத்து, தோலைத் துப்பி, உள்ளே இருந்ததைத் தின்றது. இன்னொன்று பிடுங்கியது. அப்பாவுக்கு எங்கள் மூவரின் முகமும் விளங்கவில்லை. "என்னா ஆச்சி எல்லாருக்கும்? கிளி சோளம் தின்னா அழுவாங்களா?" என்றார்.

அதன்பிறகு அதற்குத் தனிச் சாப்பாடு கிடையாது. கூண்டை நடுவீட்டில் இறக்கி வைத்தோம். அதன் முன்னால் உட்கார்ந்து நாங்கள் முதலில் தின்ன வேண்டும். உப்பில்லாத சோளம், பச்சை கேரட், முளைப்பயறு. முருங்கைக்கீரையைப் பச்சையாக மென்று காட்டும் வேலை எனக்கு. அம்மா மெல்வதுபோல நடித்தாள், கிளி நம்பவில்லை. "திருட்டுக்கண்ணு, தொண்டையப் பாக்குது" என்று சொல்லி நிஜமாகவே விழுங்கினாள். தைக்கத் துணி கொண்டுவந்த பெண்கள் கதவருகே நின்று, "என்னாடி, வீட்டோட விரதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தர் தினமும் சொன்னார்: எட்டரை. எட்டே முக்கால். ஒன்பது. ஒன்பதில் ஒரு வாரம் நின்றது. பிறகு பத்து. பத்தைத் தாண்டிய ஒரு சாயங்காலம், நான் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது, கிளி இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக விசில் அடித்தது. மெஷின் நின்றது. அக்கா வாசலைப் பார்த்தாள். இந்த முறை திட்டவில்லை.

மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் அப்போதும் சொன்னாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அடுத்த ஞாயிறு போன் வந்தபோது அக்காவிடமிருந்து வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன்: விதையைக் கொட்டியது, அணில், சார்ட்டில் நான் எழுதிய பொய். பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"இப்ப உசுரோட இருக்கா?"

"இருக்கு மாமா. எண்பத்து நாலு கிராம்."

"உங்கக்கா தூங்குது தூங்குதுன்னா. நான் போயிடுச்சின்னே நெனச்சிட்டேன், மச்சான். கேக்க பயந்துக்கினு கேக்காம இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "பணத்துக்கு என்னா பண்ணீங்க?"

"அக்கா தைச்ச காசு."

"எவ்ளோ ஆச்சி?"

அக்கா சொல்லாதே என்று கையை ஆட்டினாள். அந்த எண்ணை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா, மருந்து, கஞ்சி மாவு, கடலூருக்கு ஐந்து முறை பஸ், தவறவிட்ட பிராக்டிகலை மறுபடி எழுதக் கட்டிய பணம். இந்தக் கணக்கிலாவது பொய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"மூவாயிரத்து நூத்தி நாப்பது ரூவா, மாமா."