கைக்கு அரைப்பேர்

அம்மாவின் வலது கை மரத்துப்போகிறது என்பதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. கங்காணி, "வேலைக்குக் கள்ளம்" என்றார். அப்பா, "எல்லாருக்குந்தான் கை வலிக்குது" என்றார். ஐந்தாம் வகுப்பு படித்த நானும் சும்மா இருக்கவில்லை. அம்மா கோப்பையை நழுவவிட்ட போதெல்லாம், "பாத்துப் புடிம்மா!" என்று அதட்டினேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

கொட்டகலை டாக்டர், நரம்பைச் சோதித்துவிட்டுத்தான் சொல்லலாம் என்று கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். சிங்களப் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல் என்பதால் துணைக்கு நான் போனேன். "மெஷினும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, நா பொய்க்காரிதான் புள்ள" என்றாள் அம்மா, பஸ்ஸில்.

சோதனை அறையில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி அம்மாவின் ஆட்காட்டி விரலில் இரண்டு கம்பி வளையங்களை மாட்டினார். "கல்யாணத்துக்குக்கூட மோதிரம் போடல. இப்ப பாரு, ஒரே வெரலுக்கு ரெண்டு!" என்று அம்மா பயத்தோடு சிரித்தாள். மிஸ்ஸி மணிக்கட்டில் ஒரு கருவியை வைத்து அழுத்தினார். அம்மாவின் பெருவிரல் வெடுக்கென்று துள்ளியது. அதே நொடியில் திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பி விழுந்தது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! தொட்டதை மூளைக்குச் சொல்லும் நரம்பின் கரண்டாம் அது. காற்று பலமாக அடித்தாலே எங்கள் லயத்தில் கரண்டு போய்விடும். அம்மாவின் கைக்குள்ளோ அது இத்தனை காலமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! கொழுந்து பறித்து, ரொட்டி தட்டி, என் தலையில் குட்டிய அதே கை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பிறகு இடது கை. அந்தக் கோடு இரண்டு மடங்கு உயரமாக எழும்பியது. மிஸ்ஸி இரண்டையும் அருகருகே காட்டி, வலது கையிலிருந்து வருவது பாதிதான், அதுவும் சுணங்கித்தான் வருகிறது என்று சிங்களத்தில் விளக்கினார்.

"என்னா சொல்றாங்க?"

வகுப்பில் முதலான எனக்கு அந்த நேரம் பார்த்துத் தமிழ் வரவில்லை. கொழுந்து நிறை குறைந்த நாளில் பாதிச் சம்பளத்துக்குக் கணக்கப்பிள்ளை போடும் பேர்தான் வாயில் வந்தது. "இடது கைக்கு முழுப்பேரும்மா. வலது கைக்கு அரைப்பேர்தான்."

"கைக்கே அரைப்பேர் போட்டுட்டாங்களா!" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அப்ப நா பொய் சொல்லல. பாத்தியா? நா பொய் சொல்லல." எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலு எட்டுக்குள் நின்று, "இந்தப் பக்கம் வா புள்ள" என்று என்னை இடது பக்கத்துக்கு மாற்றினாள். விரல்களைக் கோத்து, என் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வந்தாள். வலது கையில் என் கை இருப்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸுக்குப் பயந்துதான் பக்கம் மாற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"நா என்ன சின்னப் புள்ளையா? விடும்மா" என்று கையை உருவிக்கொண்டேன்.