குசினிச் சுவரில சிவப்புக் கோடு

கொரோனா முடிஞ்சு ஊர் திரும்ப ஓடத் தொடங்கின நேரம் இது நடந்தது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில துறைமுகத்தைப் பாத்தபடி ஒரு பழைய இங்கிலீஸ்காரன்ர பங்களா இருக்கு. அதின்ர பின்பக்கத்திலதான் அப்ப நான் இருந்தனான். என்ர மனுசன் அந்த வீட்டு வாச்சர். சண்டை தொடங்கவே சொந்தக்காரர் வெளிநாட்டுக்குப் போயிட்டினம். வீட்டைப் பாத்தது நாங்கள்தான். மனுசன் செத்த பிறகும் நான் அங்கயே கிடந்தன்.

கட்டினவன் தன்ர ஊர் வீடு மாதிரியே கட்டியிருக்கிறான். முன்னுக்கு அகலமான மரப்படி, பின்னுக்கு வேலைக்காரர் ஏற ஒடுக்கமான படி. இந்த வெக்கைக்குள்ள குளிர்காய ஒரு பெரிய அடுப்பு, கூரைக்கு மேல புகைபோக்கி! விசரன் எண்டுதான் நினைப்பன். ஆனா ஷெல் விழேக்க அந்தத் தடிச்ச செங்கல் அடுப்புக்குள்ளதான் என்ர பிள்ளையளைத் திணிச்சு வைச்சனான்.

பிறகு வீடு கைமாறிச்சுது, ஹோட்டலாக்கப் போகினம் எண்டு கதை வந்தது. கொழும்பிலயிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் பிள்ளை வந்தா. நல்ல மரியாதை, தமிழும் கதைச்சா. "அம்மா, இதில எது பிறகு கட்டினது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டா.

தெரியுமோவாம்! எனக்குப் புளுகத்தில சிரிப்புத் தாங்கேலாமப் போச்சு. இவ்வளவு காலமும் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. தேத்தண்ணி குடுத்து, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். நான் சமைக்கிற இந்தக் குசினி என்ர மனுசன் தன்ர கையால கட்டினது. ஷெல் பட்டு விழுந்த பின்சுவரை எழுப்பினதும் அவர்தான். நான் படுக்கிற அறையும் அப்பிடித்தான்.

நான் காட்டக் காட்ட அவ சிவப்புச் சோக்கால கோடு போட்டுக்கொண்டு வந்தா. திருத்தத்தான் எண்டு நினைச்சன். குசினிச் சுவரில கரி பிடிச்சிருந்தது. கோடு வடிவா விழட்டும் எண்டு நானே சீலைத் தலைப்பால துடைச்சு விட்டனான். பாருங்கோவன் என்ர மொக்குத்தனத்தை!

அடுத்த கிழமை இடிக்கிற மெசின் வந்து நிக்குது. கோடு போட்டதெல்லாம் உடைக்கிறதாம். வீடு இங்கிலீஸ்காரன் கட்டின மாதிரியே இருக்க வேணுமாம். அந்தப் பிள்ளைக்கு போன் எடுத்து, "நான் எங்க பிள்ளை இருக்கிறது?" எண்டு கேட்டன்.

"உங்களுக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன் அம்மா," எண்டா. போனை வைச்சிட்டுச் சட்டி பானையைக் கட்டத் தொடங்கினன்.

சல்லி எண்ட ஊரில மகளின்ர வீட்டுக்கு வந்திட்டன். போன வருசம் மருமகன்ர ஓட்டோவில அந்தப் பக்கம் போகேக்க, மனம் கேக்காம உள்ளுக்குப் போய்ப் பாத்தன். வடிவாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. பிள்ளையள் ஒளிச்சிருந்த அடுப்புக்குள்ள கரண்ட்டில ஒரு பொய் நெருப்பு எரியுது, பக்கத்தில ஏசி ஓடுது. வந்தவைக்கு வீட்டைக் காட்டிக்கொண்டு நிண்டவர் எனக்கும் விளக்கம் சொன்னார். "சண்டைக் காலம் முழுக்க இது சும்மா கிடந்த வீடு அம்மா. ஒருத்தரும் இருக்கேல்ல."

"ஓமோ?" எண்டு மட்டும் கேட்டிட்டு வெளியில வந்திட்டன்.

இப்பவும் மகள் வீட்டுக்கு ஆரும் வந்து, "வடிவான வீடு, ஆர் கட்டினது?" எண்டு கேட்டா, சோக்கு வைச்சிருக்கினமோ எண்டு அவையின்ர கையைத்தான் முதல் பாக்கிறன்.