கம்ப்யூட்டருக்கு வல்லாரைப் பொடி

லால்குடிக் கல்யாணத்தில் குடத்துத் தண்ணீருக்குள் போட்ட மோதிரத்தை முதலில் எடுத்தது பெண்ணா, மாப்பிள்ளையா என்பது யாருக்கும் தெரியவில்லை. பெண் வீட்டார், பெண்தான் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார், எடுத்தது மாப்பிள்ளைதான், போனால் போகிறது என்று அவள் கையில் விட்டுவிட்டார் என்றார்கள். கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்திருந்தார்கள். ஆனால் அவரவர் படத்தில் விழுந்திருந்தது முன்னால் நின்றவரின் போன்தான். அதனால் கேமராக்காரர் எடுத்த வீடியோ ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சி என் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறவன். பத்தாவது முடித்ததும் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து கற்றுக்கொண்ட வேலை. மண்டபத்துக்குப் போக வேண்டாம், யாரையும் "இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க" என்று சொல்ல வேண்டாம் என்பதாலேயே எனக்கு இது பிடித்துப்போனது. இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் பந்தியில் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரோடும் பேசியதில்லை.

பெண்ணின் அம்மா மட்டும் என்னை விடுவதாக இல்லை. தினமும் போன் வந்தது.

"தம்பி, முழுசா முடிக்க வேணாம். மோதிரம் எடுக்குற எடத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்க. பொண்ணுதானே?"

"இன்னும் அந்த எடத்துக்கு வரலைங்க."

"சீக்கிரம் வந்துருங்க தம்பி. அவ கோவிச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கா. மாப்பிள்ளை 'நான்தான் விட்டுக் குடுத்தேன்'னாராம். 'வீடியோ வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்'னு பொட்டியத் தூக்கிட்டா. அவர் போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கிறா."

அந்த இடத்துக்கு நான் வராமலில்லை. தினமும் வந்தேன். அந்தப் பகுதியைத் திறந்தாலே கம்ப்யூட்டர் கிரைண்டர் மாதிரி இரைந்து, அப்படியே உறைந்து நின்றுவிடும். பெண் குடத்துக்குள் கையை விடுவதற்குக் குனிந்த நிலையிலேயே இருப்பாள். அணைத்துப் போட்டாலும் மறுபடியும் அதே குனிவு. எனக்கே முதுகு வலித்தது.

கேமராக்காரரோ கார்டுகளில் இருந்ததையெல்லாம் என் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு, கார்டுகளைக் காலியாக்கி எடுத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் செத்தால் கல்யாணமே போச்சு. தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்லலாம் என்றாலும், பெண் இருக்கிற கோபத்தில் கழுத்தை நீட்டுவாளா என்பது சந்தேகம்.

முதலில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து வைத்துவிடுவோம் என்று ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தேன். பாதி தூரம் ஓடியதும், 'நாட் இனஃப் மெமரி' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. எங்கள் ஊரில் மெமரி என்றால் இடம். போனில் மெமரி ஃபுல் என்றால் படங்களை அழிப்போம். கார்டுக்குப் பேரே மெமரி கார்டு. ஆகவே டிஸ்க்கில் இடம் பத்தவில்லை என்று புரிந்துகொண்டு, அதைவிடப் பெரியது ஒன்று வாங்கினேன். இந்த முறை ஆரம்பித்த உடனேயே அதே கட்டம் வந்தது.

"பெரிய பானையைப் பாத்ததும் அடுப்பு பயந்துருச்சு போலங்க," என்றாள் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. இதற்கும் பெரிதாக டிஸ்க் கிடைக்குமா என்று கேட்பதற்காகப் பாலக்கரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மாடியில் இருந்தது. கீழே நாட்டு மருந்துக் கடை. மாடிப்படியில் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 'கொஞ்சம் வழி விடுங்க' என்று மனதுக்குள் ரொம்ப நேரம் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மருந்துக் கடை வாசலில் நின்றபடி அவர்கள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.

"சொல்லுங்கண்ணே," என்றார் மருந்துக் கடைக்காரர்.

மாடிக்கு வேறு வழி உண்டா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "மெமரி பிரச்சனைங்க," என்று வந்தது.

"யாருக்கு?"

"வீட்டுல..."

"வயசு?"

"ஏழு." கம்ப்யூட்டர் வாங்கி ஏழு வருடம்.

"அடடா, பச்சைப் புள்ளை. என்ன செய்யுது?"

அந்த இடத்தில் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பின்னால் சுக்கு வாங்க வந்த இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் பரிதாபம் வந்துவிட்டது. அதை வீணாக்க எனக்குத் தைரியம் இல்லை.

"பாதியிலேயே நின்னுடுதுங்க. தட்டினாலும் பதில் இல்லை."

"நீங்க எல்லாத்தையும் போட்டுத் திணிச்சிருப்பீங்க."

"ஆமாங்க. கொஞ்சம் நெறையத்தான் ஏத்திட்டேன்."

"உடம்பு சூடா இருக்கா?"

"இருக்கு. சத்தமும் வருது."

"மூச்சு விடுறப்பவா?"

"எப்பவுமே."

"அய்யோ பாவம்," என்றார் பின்னால் நின்ற ஒரு அம்மா.

"மொதப் புள்ளைக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார் கடைக்காரர். முதலில் இருந்ததை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல வந்து, நல்ல வேளையாக வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு பொட்டலம் மடித்தார். "வல்லாரைப் பொடி. பால்ல கலந்து வெறும் வயித்துல குடுங்க. அந்த நேரத்துல வேற எதையும் உள்ள தள்ளாதீங்க. ஆசை இருக்குன்னு ஒரே வேளையில அள்ளிக் கொட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. ஒண்ணு எறங்கினப்புறம் அடுத்தது. புரியுதா?"

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா என் கையைத் தொட்டு, "புள்ளைய அடிக்காதீங்க தம்பி," என்றார். அன்று காலையில்தான் சிபியுவின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தேன். தலை நிமிர முடியவில்லை. மாடிப்படி அதற்குள் காலியாகியிருந்தது. ஆனால் பிள்ளைக்கு மருந்து வாங்கியவன் அவர்கள் கண் முன்னால் கம்ப்யூட்டர் கடைக்கு ஏறுவது எப்படி? பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதை எந்த ஓட்டை வழியா ஊத்துறது?" என்று சிபியுவைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

மறுநாள் ஆட்டோவில் போனோம். வழியில் ஆடக் கூடாது என்று சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். இறங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியை நோக்கி நடக்கையில் மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தூக்கிட்டே வந்துட்டீங்களா? தூங்குதா?"

"ஆமாங்க," என்றேன். போர்வைக்கு வெளியே ஒரு ஒயர் தொங்கியதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

படியில் அதே மூன்று பேர். "எந்திரிங்கப்பா, வழியில உக்காந்துகிட்டு," என்றாள் மனைவி. எழுந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

மாடிக் கடையை நடத்தியது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சிபியுவின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த தூசியில் ஒரு கத்திரிச் செடி வைக்கலாம். எல்லாவற்றையும் மனைவிதான் சொன்னாள். நான் இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இதுல எடத்துக்கு என்ன சார் குறைச்சல்? ஊரையே உள்ள வைக்கலாம்," என்றார் அந்த அம்மா. "மெமரின்னு அது கேக்குறது இதை இல்லை. டிஸ்க்கு நெல்லு குடோன் மாதிரி. ரேம் வந்து மொறம். நெல்லை அள்ளிப் பொடைக்கிற மொறம். குடோன் பெரிசாக ஆக, என்னென்ன எங்கெங்க இருக்குன்னு அது மொறத்துல பரப்பி வச்சுக்கிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும். மொறம் சின்னதா இருந்தா? குடோன் பெருசாச்சுன்னா இன்னும் சீக்கிரமே கையை விரிச்சுரும்."

"நான் அப்பவே சொன்னேன், அடுப்புன்னு," என்றாள் மனைவி.

"மொறமும் சின்னது இல்லைக்கா. இங்க பாருங்க, ரெண்டு ரேம் இருக்கு. ஒண்ணுதான் வேலை செய்யுது. இன்னொண்ணு அழுக்குல ஒட்டாம சும்மா உக்காந்திருக்கு." சீப்பு மாதிரி இருந்த அந்தப் பட்டையை உருவி எடுத்தார். மேஜை டிராயரைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் ஒன்றை எடுத்தார்.

அவர் கை பட்டையை நெருங்கியதுதான் தெரியும்.

"அழிச்சுடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சத்தம் என்னிடமிருந்து வந்ததில்லை. மனைவியே யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தாள். படியில் இருந்த மூன்று பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"எதை சார்?" என்றார் அந்த அம்மா.

"மெமரியை... ரப்பரால... அதுல ஒரு கல்யாணம் இருக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல ஒண்ணும் இருக்காது சார். கரண்டு இருக்குற வரைக்கும்தான் இதுக்கு ஞாபகம். அணைச்சா அத்தனையும் மறந்துரும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. கடைக்கு அனுப்பினா தெருமுனை வரைக்கும்தான்," என்றாள் மனைவி. படிக்கட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

பட்டையின் ஓரத்தில் இருந்த பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி பொருத்தினார். கம்ப்யூட்டரை ஓடவிட்டார். மெமரி இப்போது இரண்டு மடங்காகக் காட்டியது. என்னால் நம்ப முடியவில்லை. மெமரியை ரப்பர் போட்டுத் தேய்த்தால் மெமரி கூடுகிறது.

"ஆனாலும் மொத்தத்தையும் ஒரே மூச்சுல பேக்கப் போடாதீங்க சார்," என்றார். "மத்த எல்லாத்தையும் மூடிருங்க. ஒவ்வொரு ஃபோல்டரா, கொஞ்சம் கொஞ்சமா. ஒண்ணு முடிஞ்சப்புறம் அடுத்தது."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வெறும் வயித்துலயா?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். முதலில் பெண்ணழைப்பு இறங்கியது. பிறகு முகூர்த்தம். பிறகு பந்தி, அது பெரியது, சாயந்தரம் வரை ஓடியது. சடங்குகள் இருந்த ஃபோல்டரும் போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டேன். அதற்குப் பிறகுதான் மோதிரப் பகுதியைத் திறந்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

பெண் குனிந்தாள். இத்தனை நாளாக உறைந்து கிடந்தவள் அசைந்து, குடத்துக்குள் கையை விட்டாள். மாப்பிள்ளையும் விட்டார். தண்ணீர் தளும்பியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பெண்ணின் தோள் சட்டென்று மேலே எழும்பியது. அப்போது சந்தன நிறச் சட்டை போட்ட ஒரு முதுகு குறுக்கே வந்து, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. பெரிய முதுகு. அவசரமே இல்லாத முதுகு. அது விலகியபோது மோதிரம் பெண்ணின் விரலில் இருந்தது, மாப்பிள்ளை கைதட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கா பால்ல கலக்கிக் குடுக்கச் சொன்னாங்க?" என்றாள் மனைவி.

போன் வந்தது. இந்த முறை பேசியது அந்தப் பெண்ணே. "அண்ணே, யாருண்ணே எடுத்தது?"

"தெரியலம்மா. அந்த நேரத்துல ஒரு முதுகு..."

"முதுகா?"

விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ரப்பர் எல்லாவற்றையும் அழித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெண்ணின் அம்மா பேசினார். பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, அந்த முதுகு மாப்பிள்ளையோட பெரியப்பாங்குறா இவ. இல்லை, அது உங்க தாய்மாமாங்குறாராம் அவரு."

"அவருங்களா?"

"இவளே போன் போட்டுட்டா தம்பி. அந்த முதுகு யாரு வீட்டு முதுகுன்னு சண்டை போட்டுக்கிட்டே சிரிக்குறாங்க. நேர்ல பாத்து முடிவு பண்றேன்னு அவரு கெளம்பி வர்றாராம். நான் போய் கறி வாங்கணும்." போனை வைக்கப் போனவர் மறுபடியும் பேசினார். "தம்பி, அதை வெட்டிறாதீங்க. முழுசா இருக்கட்டும்."

வெட்டவில்லை. அந்த முதுகு இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக இருக்கிறது. வல்லாரைப் பொடியை மனைவி தினமும் காலையில் பாலில் கலந்து என்னிடம் தருகிறாள். வெறும் வயிற்றில்.